தலைவலி மாத்திரை ஆரம்பித்த பிறகு அம்மா ஆளே மாறிவிட்டார், மாத்திரை காரணமாக இருக்குமா?

பொருநைக்கரை:
வணக்கம். அம்மாவுக்கு 52 வயது. ஒற்றைத் தலைவலி அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. வந்தால் ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டுப் படுத்துவிடுவார், வாந்தி எடுத்தால்தான் கொஞ்சம் தணியும். இந்த வருடம் மாதத்தில் பாதி நாள் அப்படியே போக ஆரம்பித்ததால் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். ராத்திரி ஒன்று போடச் சொல்லி மாத்திரை எழுதினார். ஃப்ளூனாரிசின் 10, ப்ரோப்ரனலால் 40, இரண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. தலைவலி நன்றாகவே குறைந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் இரண்டு மாதத்துக்குள் ஆளே மாறிவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா வந்து உட்கார்ந்தால் பேச்சு இல்லை, சமையல் ஏனோதானோ, பகலிலும் தூக்கம், எடை கூடிவிட்டது, திடீரென்று காரணமே இல்லாமல் கண் கலங்குகிறார். அத்தை "மாதவிலக்கு நிற்கிற வயசு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அப்பா, தங்கையைக் கட்டிக்கொடுத்த ஏக்கம் என்கிறார், தங்கை போய் மூன்று வருடமாகிறது. தெரு முனை டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். இதற்கு முன்னால் அம்மாவுக்கு இப்படி எதுவும் வந்ததில்லை. எனக்கு மட்டும் அந்த மாத்திரை மேல்தான் சந்தேகம். வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள், தலைவலி மாத்திரை எப்படி மனசைக் கெடுக்கும் என்று. இப்படி யாருக்காவது வந்திருக்கிறதா?

மெடிக்கல்காரர்:
சிரிக்க ஒன்றுமில்லை தம்பி. ஃப்ளூனாரிசினுக்கு இது தெரிந்த பக்கவிளைவுதான். ஐரோப்பிய நாடுகளில் இந்த மருந்தோடு வரும் தாளில், ஏற்கெனவே மனச்சோர்வு வந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று எழுதியிருக்கும், பார்க்கின்சன் போன்ற நடுக்கநோய் இருந்தாலும் கூடாது. அமெரிக்காவில் இந்த மருந்து விற்பனைக்கே வரவில்லை. நம்மூரில் சர்வசாதாரணம், ஏனென்றால் தலைவலிக்கு வேலை செய்கிறது, விலையும் கம்மி.

இது கால்சியம் போகும் வழியை அடைக்கிற வகை. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனத்தின் வேலையையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும். தூக்கம், பசி, எடை, மந்தம், சிலருக்கு மனச்சோர்வு, வயதானவர்களுக்குக் கை நடுக்கம், நடை தளர்வது எல்லாம் இதில் வரக்கூடியவை. அம்மாவுக்கு நடை மெதுவானதா, முகத்தில் சிரிப்பு, கோபம் எதுவும் தெரியாமல் இறுகிப் போனதா என்று கவனியுங்கள், டாக்டரிடம் சொல்ல உதவும்.

இன்னொன்று, இதை வருடக்கணக்கில் போடுவதற்கில்லை. இரண்டு மாதத்தில் பலன் தெரியவில்லை என்றால் நிறுத்த வேண்டும், பலன் இருந்தாலும் ஆறு மாதத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தத் தாளில் உள்ள முறை. என் கடைக்கு ஒரே பழைய சீட்டை மடித்து மடித்து நைந்துபோன நிலையில் கொண்டுவந்து, மூன்றாவது வருடமாக இதே மாத்திரை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். புதுச் சீட்டு கேட்டால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். இது சேர்ந்த மாத்திரை, ஒன்றை நிறுத்தினால் ப்ரோப்ரனலாலும் கூடவே நின்றுவிடும். அதைத் திடீரென்று விட்டால் படபடப்பு வரும், ரத்த அழுத்தம் எகிறும், இதய நோய் இருந்தால் ஆபத்தே வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரைப் போய்ப் பாருங்கள், அடுத்த தேதி வரட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம்.

நாலும் தெரிந்தவன்:
இங்கிலீஷ் மருந்து என்றாலே இப்படித்தான். ஒன்றைக் குணமாக்கி ஒன்பதைக் கொடுக்கும். மூலிகைக்குப் போங்கள், பக்கவிளைவே கிடையாது.

பழைய பேப்பர்:
நாலும் தெரிந்தவரே, மருந்தால் மனச்சோர்வு வரும் என்று உலகம் முதன்முதலில் பெரிதாகப் பேசியதே ஒரு மூலிகையை வைத்துத்தான். அதுவும் நம் மூலிகை. சர்ப்பகந்தா வேர்.

பாம்புக்கடிக்கும் பைத்தியத்துக்கும் இந்தியாவில் காலங்காலமாகக் கொடுத்து வந்த வேர் அது. ரத்த அழுத்தத்துக்கு அது கேட்கிறது என்று பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949இல் ஒரு பிரிட்டிஷ் இதயநோய் இதழில் எழுதினார், அதற்குப் பிறகு மேல்நாட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. உலகம் முழுக்க அழுத்த நோயாளிகள் அதைப் போட்டார்கள். சில வருடத்திலேயே டாக்டர்கள் கவனித்தது, அழுத்தம் இறங்குகிறது, சிலருக்கு மனசும் சேர்ந்து இறங்குகிறது. ரெசர்பின் மூளையில் செரட்டோனின், நார்அட்ரீனலின் போன்ற செய்தி கடத்தும் ரசாயனங்களின் இருப்பைக் காலி செய்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் மனச்சோர்வே இவை குறைவதால்தானா என்ற கேள்வி பிறந்தது. மனச்சோர்வு மருந்துகளைப் பற்றி இன்று நாம் கேள்விப்படும் பாதிக் கதை அங்கிருந்து வந்தது.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. அதே காலத்தில் நியூயார்க்கில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் இப்ரோநையாசிட் என்ற மருந்து கொடுத்தபோது நோயாளிகள் சுறுசுறுப்பாகி உற்சாகமாகி விட்டார்கள். நெஞ்சுக்குக் கொடுத்தது மனசுக்கு மருந்தாகிவிட்டது. ஆகவே தலைவலி மாத்திரை மனசைத் தொடுமா என்று வீட்டில் கேட்டால், தாராளமாகத் தொடும் என்று சொல்லலாம். மூலிகை, அலோபதி என்று அது பேதம் பார்ப்பதில்லை.

கேள்விக்குறி:
கொஞ்சம் நிதானம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், மாத்திரையே போடாவிட்டாலும். அந்த வயதில் பெண்களுக்கு ஹார்மோன் மாற்றமும் நிஜம்தான், அத்தை சொல்வதைத் தள்ளிவிட வேண்டாம். தைராய்டு குறைந்தால்கூட இதே மாதிரி மந்தம், எடை, தூக்கம், அழுகை எல்லாம் வரும். இவ்வளவு காரணங்கள் வரிசையில் நிற்கும்போது மாத்திரையின் காலரை மட்டும் பிடித்தால் எப்படி?

2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் ஒரு ஆய்வு வந்தது, எல்லாச் செய்தித்தாளிலும் போட்டார்கள். அமெரிக்கப் பெரியவர்களில் 37 சதவீதம் பேர் மனச்சோர்வைப் பக்கவிளைவாகக் கொண்ட ஏதாவது ஒரு மருந்தை எடுக்கிறார்கள், அப்படிப்பட்ட மருந்துகள் 200க்கு மேல் இருக்கின்றன என்று. அவற்றில் மூன்றோ அதற்கு மேலோ எடுப்பவர்களில் 15 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு, எதையும் எடுக்காதவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவு. தலைப்பைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் அது ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு, எது முன்னால் வந்தது எது பின்னால் வந்தது என்று அதில் தெரியாது. நிறைய மருந்து எடுப்பவர்கள் நிறைய நோய் உள்ளவர்கள், நோயே மனதைச் சாய்க்கும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நாலு பேர் பிரஷர் மாத்திரையைக் குப்பையில் போடுவார்கள் என்பதுதான் என் கவலை.

பொருநைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. கேள்விக்குறி சார், நியாயம்தான், தைராய்டு பார்க்கவில்லை, பார்க்கிறோம். ஒரு சந்தேகம். இணையத்தில் தேடினால் ப்ரோப்ரனலால்தான் மனச்சோர்வு கொடுக்கும் என்று நிறைய இடத்தில் இருக்கிறது, ஃப்ளூனாரிசின் பற்றி அவ்வளவாக இல்லை. எது உண்மை?

பழைய பேப்பர்:
கெட்ட பெயர் வாங்கியது ஒருவர், ஆதாரம் இருப்பது மற்றவர் மேல்.

ப்ரோப்ரனலாலுக்கு அந்தப் பெயர் 1967இல் வந்த ஒரு சின்ன அறிக்கையிலிருந்தே ஒட்டிக்கொண்டது. பிறகு 2002இல் 15 பரிசோதனைகள், 35,000க்கும் அதிகமான நோயாளிகள் என்று ப்ரோப்ரனலால் சேர்ந்த பீட்டா பிளாக்கர் என்ற மருந்து வகை முழுவதையும் சேர்த்து அலசினார்கள். மனச்சோர்வு கூடியதாகத் தெரியவில்லை. களைப்பு கொஞ்சம் கூடியது. களைப்பாக இருக்கிறவர் சோர்ந்து உட்கார்ந்திருப்பார், பார்ப்பவர்கள் டிப்ரஷன் என்று எழுதிவிடுவார்கள். ப்ரோப்ரனலால் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட கனவு வரவைக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும். நீங்கள் தேடியதில் ஃப்ளூனாரிசின் கம்மியாக வருவதற்குக் காரணம் எளிது, அமெரிக்காவில் அந்த மருந்து இல்லை, அதனால் அமெரிக்கத் தளங்களில் அதைப் பற்றி எழுத ஆள் இல்லை. இணையம் சொல்லவில்லை என்பதற்காக நம் மருந்து நிரபராதி ஆகிவிடாது.

கொங்குப்பொண்ணு:
என் கதையையும் சொல்கிறேன், வேறு மருந்து. பையனுக்கு ஆறு வயது, விடாத மூக்கொழுகல், தும்மல். டாக்டர் மாண்டிலூகாஸ்ட், லீவோசெட்ரிசின் சேர்ந்த சிரப் எழுதினார். நம்மூரில் சளி என்றாலே அதுதானே, பாதி வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த பாட்டில் இருக்கும். கொஞ்ச நாளில் ராத்திரி அலறிக்கொண்டு எழுந்திருக்க ஆரம்பித்தான், எழுப்பினாலும் என்னை அடையாளம் தெரியவில்லை. பகலில் எதற்கெடுத்தாலும் அழுகை, "என்னை யாருக்கும் பிடிக்கலை" என்று ஆறு வயதுக் குழந்தை சொன்னால் எப்படி இருக்கும். மாமியார் திருஷ்டி சுற்றிப் போட்டார், பள்ளிக்கூடத்தில் வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று என்னைக் கேட்டார்கள்.

எனக்கு ஒரு பழக்கம், தினசரி காலண்டர் தாளைக் கிழிக்கும்போது பின்னால் பால் கணக்கு, மருந்து எல்லாம் குறித்து வைப்பேன். அதில் மருந்து ஆரம்பித்த தேதியும் முதல் அலறல் தேதியும் இருந்தது. அந்தத் தாள்களை டாக்டர் மேஜையில் வைத்தேன். முதலில் சும்மா தலையாட்டினவர் தேதியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். நிறுத்தச் சொன்னார், மூக்குக்கு ஸ்ப்ரே மாற்றினார். ஒரு வாரத்துக்குள் ராத்திரி அமைதியானது.

பிறகுதான் படித்தேன், 2020 மார்ச்சில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த மாண்டிலூகாஸ்டுக்கு இருப்பதிலேயே கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கை போட வைத்திருக்கிறது, மனநிலை மாற்றம், தற்கொலை எண்ணம் வரலாம் என்று. சாதாரண அலர்ஜி மூக்கொழுகலுக்கு வேறு மருந்து பலிக்காவிட்டால் மட்டுமே இதைக் கொடுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 1998இலிருந்து விற்கும் மருந்து. எனக்கு மருந்து மேல்கூடக் கோபம் இல்லை, இப்படி வரலாம், வந்தால் கூட்டிவாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான். ஆஸ்துமாவுக்கு இது உதவுகிற குழந்தைகள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்காமல் நிறுத்த வேண்டாம், வீசிங் வந்தால் அது வேறு ஆபத்து.

மெடிக்கல்காரர்:
அக்கா சொன்ன "ஒரு வார்த்தை" விஷயத்தில் எங்கள் பங்கும் இருக்கிறது. நம்மூரில் மாத்திரையை அட்டையோடு வாங்குபவர் குறைவு, "பத்து நாளைக்கு வெட்டிக் கொடுங்க" என்பார்கள். வெட்டிக் காகித உறைக்குள் போட்டுக் கொடுக்கும்போது மருந்துப் பெயரே சில சமயம் பாதிதான் மிஞ்சும், பக்கவிளைவு எழுதிய தாள் எங்கே வரும்? முழுப் பெட்டியில் தாள் இருந்தாலும் எறும்பு எழுத்து, அதுவும் ஆங்கிலத்தில். கூட்ட நேரத்தில் நானும் காலை ஒன்று ராத்திரி ஒன்று என்பதற்கு மேல் பேசுவதில்லை.

இரண்டாவது, டாக்டர் ஒருவராக இருப்பதில்லை. தலைவலிக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், தூக்கம் வரவில்லை என்றால் மூன்றாமவர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. மனநல டாக்டரிடம் போனால்கூட பழைய மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள், "அது தலைவலிக்குத்தானே, இதுக்கு எதுக்கு?" என்று.

சின்னாளப்பட்டி:
முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எடுக்கிறேன். அதற்கும் இப்படிச் சொல்கிறார்களே?

கேள்விக்குறி:
சொல்கிறார்கள். 1982இலிருந்து இருக்கும் மருந்து, 1998இல் மனச்சோர்வு எச்சரிக்கை சேர்த்தார்கள். ஆனால் மொத்தமாகக் கணக்கெடுத்துப் பார்த்தால் எடுப்பவர்களுக்குப் பொதுவாக மனச்சோர்வு கூடுவதாகத் தெரியவில்லை. முகம் தெளிவதால் பலருக்கு மனசும் தேறுகிறது, கடும் பருவே இருபது வயதில் ஆளை முடக்கும். அதற்காக யாருக்குமே வராது என்றும் ஆகாது, ஆயிரம் பேரின் சராசரியில் ஒருவரின் சரிவு மறைந்துபோகும். வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்தால் தோல் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எச்சரிக்கை போட்டதாலேயே உண்மை ஆகிவிடாது என்பதற்கும் உதாரணம் உண்டு. புகைப்பதை நிறுத்தக் கொடுக்கும் வெரனிக்ளினுக்கு 2009இல் அதே கட்டம் கட்டிய எச்சரிக்கை போட்டார்கள். எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்த பிறகு 2016இல் எடுத்துவிட்டார்கள். சிகரெட்டை விடுவதே ஆளை எரிச்சலாக்கும், பழி மாத்திரைக்குப் போய்விட்டது.

பழைய பேப்பர்:
உண்மை. ஆனால் தராசின் மறு தட்டில் ரிமோனபன்ட்டையும் வையுங்கள். உடம்பு இளைக்க என்று 2006இல் ஐரோப்பாவில் அனுமதித்தார்கள், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் வருகிறது என்று 2008இல் விற்பனையை நிறுத்தினார்கள். அமெரிக்காவில் ஆரம்பத்திலேயே இந்தக் காரணத்தைச் சொல்லி விற்க அனுமதிக்கவில்லை. பசியைத் தூண்டும் மூளை வழியை அடைத்தார்கள், சந்தோஷம் வரும் வழியும் அதுவேதான்.

ஊதாப்பூ:
எனக்குச் சிறுநீரகத்துக்காக ப்ரெட்னிசலோன். முதல் வாரம் ராத்திரி இரண்டு மணிக்கு பீரோவை அடுக்கிக்கொண்டிருந்தேன், அவ்வளவு உற்சாகம். அப்புறம் ஒரேயடியாக இருட்டு. ஸ்டெராய்டில் இது அளவைப் பொறுத்தது என்று என் டாக்டர் விளக்கினார். 1972இல் பாஸ்டனில் பார்த்த கணக்கில் ஒரு நாளைக்கு 40 மி.கி.க்குள் எடுத்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் போல மனநிலைக் கோளாறு, 80க்கு மேல் எடுத்தவர்களில் 18 பேர் போல. எனக்கு அளவைக் குறைக்கக் குறைக்கச் சரியானது. தயவுசெய்து இதை யாரும் பட்டென்று நிறுத்தாதீர்கள், வெளியிலிருந்து ஸ்டெராய்டு வருவதால் உடம்பு சொந்தமாகச் சுரப்பதை விட்டிருக்கும், உயிருக்கே ஆபத்து. வலிப்பு மாத்திரைக்கும் அதே விதி. அதில் சிலது மனசை மாற்றும், ஆனால் திடீரென்று விட்டால் வலிப்பு திரும்பி வரும்.

பொருநைக்கரை:
நரம்பு டாக்டருக்குத் தேதி அடுத்த வாரம்தான் கிடைத்தது. நேற்று ராத்திரி அம்மா "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்" என்று சொன்னார். இதை எப்படி எடுத்துக்கொள்வது?

நெறியாளர்:
அடுத்த வாரம் வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே அவசரப் பிரிவுக்கோ மனநல மருத்துவர் இருக்கும் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிச் செல்லுங்கள். அதுவரை அவரைத் தனியாக விட வேண்டாம், வீட்டில் இருக்கும் மாத்திரைகளை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாக வேண்டும் போல இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வராது, இருந்தால் சொல்ல வழி கிடைக்கும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். மாத்திரைதான் காரணமா என்ற ஆராய்ச்சி அதற்குப் பிறகு.

மெடிக்கல்காரர்:
போகும்போது எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், சத்து மாத்திரை, நாட்டு மருந்து உட்பட. எது எப்போது ஆரம்பித்தது, மாற்றம் எப்போது தெரிந்தது என்று அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். "இந்த மாத்திரைதான் காரணம்" என்று ஆரம்பித்தால் சில டாக்டர்களுக்கு முகம் சுருங்கும். "இதனால் இருக்க வாய்ப்பு உண்டா, மாற்று இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

பொருநைக்கரை:
அன்றைக்கே கூட்டிப்போனோம். நெறியாளருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மனநல டாக்டர் அம்மாவிடம் தனியாக ரொம்ப நேரம் பேசினார். மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்ததும் அவரே ஃப்ளூனாரிசின் மேல் விரலை வைத்து, அங்கிருந்தே நரம்பு டாக்டருக்கு போன் போட்டார். சேர்ந்த மாத்திரையை எடுத்துவிட்டு ப்ரோப்ரனலால் மட்டும் தனியாகக் கொடுத்திருக்கிறார்கள். தைராய்டு சரியாகத்தான் இருக்கிறது. மனச்சோர்வுக்குச் சின்ன அளவில் மருந்தும் உண்டு, வாராவாரம் வரச் சொன்னார். இப்போது மூன்று வாரம் போல ஆகிறது, பேச ஆரம்பித்திருக்கிறார், நேற்று அத்தையோடு சண்டை போட்டார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தலைவலி மட்டும் ஒரு தடவை எட்டிப் பார்த்தது.

கேள்விக்குறி:
ரொம்ப சந்தோஷம். ஆனால் ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஆரம்பித்திருப்பதால், எதனால் தேறினார் என்று இனி யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதுவும் பரவாயில்லை, அந்த நிலைமையில் நானாக இருந்தாலும் இரண்டையும்தான் செய்வேன்.

மெடிக்கல்காரர்:
அவசரப்படாமல் இருங்கள் தம்பி. ஃப்ளூனாரிசின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 18 நாள் ஆகும், முழுதாக வெளியேற மூன்று மாதம் போல. நடுவில் ஒரு நாள் மறுபடி சோர்ந்தால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம்.

இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. இதைப் புகார் செய்யுங்கள். டாக்டர் மேல் அல்ல, மருந்து மேல். இந்தியாவில் 2010லிருந்து மருந்துக் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது, காஜியாபாத்தில் தலைமையிடம், 1800 180 3024 இலவச எண். பொதுமக்களுக்கென்றே தனிப் படிவம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் இதற்கான மையம் இருக்கிறது, நேரில் போயும் கொடுக்கலாம். நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் போதும்.

கொங்குப்பொண்ணு:
நான் அப்போது செய்யவில்லை, இப்போது செய்யலாமா? பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன், பேட்ச் நம்பர் கேட்பார்களே.

மெடிக்கல்காரர்:
செய்யலாம் அக்கா, பேட்ச் தெரியாவிட்டாலும் வாங்கிக்கொள்வார்கள். பில் இருக்கிறதா பாருங்கள், அதில் பேட்ச் நம்பரும் காலாவதி தேதியும் அடித்திருக்கும். பில் இல்லை என்றால் வாங்கின கடையில் கேளுங்கள், கம்ப்யூட்டரில் இருக்கும், "பழைய பில் எதுக்கும்மா" என்று சலித்துக்கொள்வார்கள், விடாதீர்கள்.